செம்பருத்தி வார்டு

காக்காயைத் திட்டுவதற்கும் ஒரு அளவு இருக்கிறது. பெரிய சிஸ்டர் அன்றைக்கு அந்த அளவைத் தாண்டிவிட்டாள். கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டு, கையில் ஒரு நீளக் குச்சியும் குச்சியின் நுனியில் கட்டிய முகம் பார்க்கும் கண்ணாடியுமாக, மதில் மேல் உட்கார்ந்திருந்த காக்காயை அதன் பரம்பரையோடு சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். காக்காய் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பொறுமையாகக் கேட்டது. திட்டு முடிந்ததும் அலகை மதில் விளிம்பில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டது. எருமைத்தோல் என்று கடைசியாக ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிட்டு சிஸ்டர் உள்ளே வந்தாள்.

பெரிய சிஸ்டர் என்பது தெருவே வைத்த பெயர். பிரசவ ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து, அந்தக் கோடை தொடங்கும்போதுதான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தாள். வேலையில் அவளுக்கு ஒரே ஒரு வேதம் உண்டு, ரவுண்ட்ஸ். எல்லாரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று மற்ற நர்ஸுகள் டீ ஆற்றிக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் எழுந்து வார்டைச் சுற்றி வருவாள். அப்படிப் போன ஒரு தடவைதான், பிள்ளை பெற்று, சிரித்துப் பேசி, தூங்கிப்போயிருந்த ஒருத்தியின் போர்வைக்குக் கீழே ரத்தம் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தாள். சத்தமில்லை, முனகல் இல்லை. அந்தப் பெண் பிழைத்தாள். அதற்கப்புறம் சிஸ்டரிடம் போய், இவ்வளவு தடவை பார்க்க வேண்டுமா என்று கேட்கும் தைரியம் டாக்டர்களுக்கே வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு யாரைப் பார்ப்பது? கணவர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். முதல் வாரத்தில் அவருடைய ரத்த அழுத்தத்தைக் காலையில் பார்த்தாள், சாப்பிட்டதும் பார்த்தாள், செய்தி கேட்டதும் பார்த்தாள். மனிதர் கல்லுக்குண்டு போல இருந்தார். இருந்தாலும் இந்தக் கவனிப்புக்குப் பயந்து, வகுப்புக்கு நேரத்தோடு கிளம்பிப் போக ஆரம்பித்தார்.

மிச்சமிருந்தவள் மகள். பக்கத்து ஊரில் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள், தலைப்பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் அவள் வீட்டில் போய்த் தங்கினாள். தூங்குகிற பெண்ணை எழுப்பி, குழந்தை உதைக்கிறதா என்று கேட்டாள். செக்கப்புக்குப் போன இடத்தில் டாக்டருக்கே பாடம் எடுத்தாள். உச்சக்கட்டமாக, மகளோடு வேலை பார்ப்பவர்கள் பார்க்க வந்திருந்தபோது, பேச்சுக்கு நடுவில் எழுந்து போய் மகளின் கண் இமையைக் கீழே இழுத்து, ரத்தம் பத்தாது போலிருக்கே என்று சபையில் அறிவித்தாள். வந்தவர்கள் பிஸ்கட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அன்றைக்கு மகள் சொன்னது சிஸ்டரின் காதிலேயே தங்கிவிட்டது.

"ம்மா, நான் உன் மக. உன் பேஷண்ட் இல்ல. எனக்கு வேணும்போது நானே கூப்பிடறேன். கூப்பிடற வரைக்கும் வராத, ஃபோனும் பண்ணாத."

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். வளர்ந்தது, வாயும் சேர்ந்து வளர்ந்தது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சிஸ்டர் பொருமினாள். ஊரில் பாதிப் பேரின் பிள்ளைகளை முதலில் தொட்டது அவள் கை. தன் பேரப்பிள்ளையை யாரோ முகம் தெரியாத நர்ஸ் தொட்டுத் தூக்குவாளா? வலி எடுத்ததும் மகள் தன்னைக் கூப்பிட வேண்டும். அந்தக் கோடையில் அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

இப்படிக் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருந்தபோதுதான், துணி காயப்போடப் போன இடத்தில் கொண்டைக்குருவிக் கூட்டைப் பார்த்தாள். செம்பருத்திச் செடியில், அவள் தலைக்குச் சற்று மேலே, கிளை பிரியும் இடத்தில் ஒரு சின்னக் கிண்ணம். வைக்கோல், சருகு, எந்த வீட்டுத் துடைப்பத்திலிருந்தோ பிய்த்து வந்த நார். அதற்குள் கறுப்புக் கொண்டையும் வாலடியில் சிவப்புமாக ஒரு குருவி அசையாமல் உட்கார்ந்திருந்தது. சிஸ்டருக்கு உடம்பெல்லாம் புது ரத்தம் ஓடியது. வார்டு கிடைத்துவிட்டதல்லவா!

அன்றைக்கே குச்சியும் கண்ணாடியும் தயாராகிவிட்டன. குருவி இல்லாத நேரமாகப் பார்த்துக் கண்ணாடியை உயர்த்தினால் உள்ளே முட்டைகள் தெரியும். வெளிறிய இளஞ்சிவப்பில் செம்புள்ளிகள், மூன்று. காபி குடித்ததும் ஒரு ரவுண்ட்ஸ், சமையலுக்கு நடுவில் ஒன்று, சாப்பிட்ட கை காய்வதற்குள் ஒன்று. மாஸ்டர் வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, டியூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் ஒப்படைப்பது போல ஒப்பிப்பாள். தாய் நலம், முட்டை மூன்று, காலையிலிருந்து தகப்பன் ஒரு தடவைதான் வந்து உட்கார்ந்தான், சரியான சோம்பேறி. மாஸ்டர் செருப்பைக் கழற்றிக்கொண்டே ம் கொட்டுவார். யாரைச் சொல்கிறாள் என்ற சந்தேகம் அவருக்கு எப்போதும் உண்டு.

ஆனால் இந்தப் பேஷண்டும் மகளைப் போலவே அடங்காப்பிடாரியாக இருந்தது. சிஸ்டர் கிட்டே போனால் போதும், கூட்டை விட்டு எழுந்து, துணி காயப்போடும் கம்பி மேல் உட்கார்ந்து காது கிழியக் கத்தும். முட்டை சூடு ஆறுகிறது, இவள் கச்சேரி வைக்கிறாள் என்று சிஸ்டருக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். வெயில் அதிகமாக இருக்கிறதே என்று ஒரு நாள் செடிக்கு மேலே பழைய போர்வையைக் கட்டி நிழல் பண்ணிக்கொடுத்தாள். அந்த உபகாரத்தைப் பார்த்துவிட்டு இரண்டு குருவிகளும் கூட்டுப் பக்கமே வரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே போர்வையை அவிழ்த்தாள். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் அதைப் பக்கத்து வீட்டுப் பூனை வந்து குடித்தது. நல்லதுக்குக் காலமே இல்லை என்று பாத்திரங்களை அவள் போட்ட போட்டில் மாஸ்டர் செய்தித்தாளோடு வாசல் பக்கம் நகர்ந்தார்.

குஞ்சு பொரித்த அன்று மட்டும் வீட்டில் சிரிப்பு இருந்தது. கண் திறக்காத, மயிர் முளைக்காத மூன்று வாய்கள் கண்ணாடிக்குள் ஆவென்று திறந்தன. சிஸ்டருக்குத் தாங்கவில்லை, மகளுக்கு ஃபோன் போட்டுவிட்டாள். குருவி குஞ்சு பொரித்திருக்கிறது என்பதில் ஆரம்பித்த பேச்சு, கால் வீங்குகிறதா, தலைவலி இருக்கிறதா, கண் மங்குகிறதா என்று தன் போக்கில் போனது. மகள், மீட்டிங் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மகளின் செய்தியெல்லாம் இனிமேல் மருமகன் மாஸ்டரிடம் சொல்லி, மாஸ்டர் அதில் பாதியை மறந்து, மீதி வந்தால்தான் உண்டு என்று ஆயிற்று. பெற்றவளுக்குத் தன் பெண்ணின் வயிற்றைப் பற்றி மூன்றாம் கைத் தகவல்!

ஆத்திரத்தில் ரவுண்ட்ஸ் கூடியது. அப்போதுதான் ஒரு குஞ்சு காணாமல் போனது.

காலையில் மூன்று, மத்தியானம் இரண்டு. பூனைதான் என்று முடிவுகட்டி, பக்கத்து வீட்டுக்காரியிடம் மதிலுக்கு மேலாக ஒரு பாட்டம் ஆடினாள். அந்தப் பெண், தன் பூனை அறைக்குள் தூங்குகிறது என்று அதைத் தூக்கி வந்தே காட்டினாள். பூனையும் கொட்டாவி விட்டது. சரி, பூனை இல்லையென்றால் காக்காய். நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுக் கண்கொத்திப் பாம்பாகக் காவல் இருந்தாள். அவள் நாற்காலியில் இருந்தால் குருவி இரையோடு கம்பியிலேயே உட்கார்ந்து கத்துகிறது. அவள் எழுந்து உள்ளே போனால் காக்காய் இறங்குகிறது. என்னதான் செய்வாள்? குளித்துவிட்டு வந்து கண்ணாடியை உயர்த்தியபோது இரண்டாவது குஞ்சும் இல்லை. காக்காயைப் பரம்பரையோடு திட்டித் தீர்த்தது அப்போதுதான்.

அன்றைக்கு மாஸ்டருக்கு வகுப்பு இல்லை. சமையலறை ஜன்னல் வழியாக நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் வம்பு, சொல்லாவிட்டால் பாவம் என்று கொஞ்ச நேரம் காபி டம்ளரை உருட்டினார். பிறகு சொல்லிவிட்டார்.

"அந்தக் காக்கா குருவியப் பாத்து வரல. உன்னப் பாத்து வருது."

சிஸ்டர் திரும்பிப் பார்த்த பார்வையில் வேறொருவராக இருந்தால் எழுந்து போயிருப்பார். மாஸ்டர் கார் ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தே தலை நரைத்தவர், லேசில் பயப்பட மாட்டார். காலையிலிருந்து பார்க்கிறேன் என்று விவரமாகச் சொன்னார். குருவி வரும்போது காக்காய் அசைவதில்லை. கொல்லைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் மதிலுக்கு வருகிறது. கண்ணாடி எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்கிறது. நீ உள்ளே வந்ததும் நேரே அந்த இடத்துக்கு இறங்குகிறது. இலைக்குள்ளே இருக்கும் கூடு அதற்கு எப்படித் தெரியும்? நீதான் காட்டிக்கொடுக்கிறாய்.

காக்காய்க்கு வக்காலத்து வாங்குகிறீர்களா என்று சிஸ்டர் பாய்ந்தாள். எத்தனை உயிரைக் காப்பாற்றின ரவுண்ட்ஸ் இது, ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பவருக்கு என்ன தெரியும் என்றாள். மாஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். கொல்லையின் மறுகோடியில் நின்ற எலுமிச்சைச் செடியைக் காட்டினார். அதில் கூடும் இல்லை, குருவியும் இல்லை. அங்கே போய் ஒரு ரவுண்ட்ஸ் பண்ணிவிட்டு வா, அப்புறம் பேசலாம் என்றார்.

அவர் மூக்கை உடைப்பதற்காகவே போனாள். எலுமிச்சை அடியில் நின்று, கண்ணாடியை உயர்த்தி, இப்படியும் அப்படியும் திருப்பி, இல்லாத மூன்று குஞ்சும் நலம் என்பது போல வேண்டுமென்றே தலையை ஆட்டிவிட்டு வந்தாள். இருவரும் ஜன்னலுக்குப் பின்னால் நின்றார்கள். காக்காய் மதிலை விட்டு எழுந்தது. செம்பருத்திப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. நேரே எலுமிச்சையில் போய் இறங்கியது. முள்ளுக்குள் தலையை நுழைத்தது, ஒரு கிளை விடாமல் தேடியது, கீழே குதித்து அண்ணாந்து பார்த்தது, மறுபடி ஏறித் தேடியது.

சிஸ்டரின் கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது. அந்த இரண்டு குஞ்சுகளையும் காக்காய் தின்னவில்லை, தானே எடுத்து அதன் வாயில் வைத்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் பார்க்கப் போனதால் ஒரு உயிர் போகும் என்பது அவளுடைய இத்தனை வருஷ வேலையில் கேள்விப்படாத விஷயம்.

"நானும் பக்கத்து சீட்டுலதான் உக்காந்திருக்கேன்" என்றார் மாஸ்டர், மெதுவாக. "என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. கால் அதுக்கு மேலயேதான் இருக்கும். ஆனா தொட்டதுக்கெல்லாம் மிதிச்சா, ஓட்டறவன் நடுங்கியே போயிடுவான்."

"உங்க பிரேக்கை நீங்களே வச்சுக்குங்க" என்றாள் சிஸ்டர். சொல்லிவிட்டுக் குச்சியிலிருந்து கண்ணாடியை அவிழ்த்தாள். அதோடு விடவில்லை. தன் ஃபோனை எடுத்து அணைத்து, பீரோவில் துணிகளுக்கு அடியில் கொண்டுபோய்ப் புதைத்தாள். அது எதற்கு என்று மாஸ்டர் கேட்டார். கையில் இருந்தால் மகளுக்குப் பண்ணிவிடுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா என்றாள். அவசரமென்றால் மருமகன் உங்களுக்குத்தானே பண்ணுவார் என்றாள். அதுவும் சரிதான் என்று அவரும் விட்டுவிட்டார். ஒரு காரியத்தை வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் செய்வது அவள் குணம். வேண்டாம் என்றால் ஒரேயடியாக வேண்டாம்.

அதற்கப்புறம் வந்த நாட்களை அவள் எப்படித் தள்ளினாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். சமையலறை ஜன்னலிலிருந்து செம்பருத்தியின் பாதிதான் தெரியும், கூடு தெரியாது. குருவி வாயில் புழுவோடு இலைக்குள் போவதும் வெறும் வாயோடு வெளியே வருவதும் தெரியும். உள்ளே ஒன்று உயிரோடு இருக்கிறது என்பதற்கு அவ்வளவுதான் சாட்சி. எவ்வளவு வளர்ந்திருக்கும், இறகு விட்டிருக்குமா, எறும்பு ஏறியிருக்குமா? கால் தானாகக் கொல்லைக் கதவு வரைக்கும் போகும். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டுத் திரும்பி வருவாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். துணியை வாசல் பக்கம் காயப்போட்டாள், தெருப் புழுதியெல்லாம் அதில் படிந்தது. இதுக்குப் பேர் ஓய்வாம் என்று சுவரிடம் சொன்னாள். மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது. இன்றைக்கு ஏதாவது சொன்னாரா மருமகன் என்று மாஸ்டரைக் கேட்க நாக்கு துடிக்கும். கேட்க மாட்டாள். அவர் தாமாகச் சொன்னால் மட்டும் மூச்சு விடாமல் கேட்டுக்கொள்வாள்.

ஒரு நாள் காலை, குருவி வரவில்லை.

மாஸ்டர் வகுப்புக்குப் போய்விட்டார். ஜன்னலில் நின்றாள். வெயில் ஏறியது. புழுவோடும் வரவில்லை, சும்மாவும் வரவில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, இனிமேல் முடியாது என்று கதவைத் திறந்துகொண்டு போனாள். வாளியைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி எட்டிப் பார்த்தாள். கூடு காலி. ஒரு இறகு இல்லை, ஒரு துளி ரத்தம் இல்லை, துடைத்து வைத்த கிண்ணமாக இருந்தது. பறந்து போயிருந்தால் அக்கம்பக்கத்துக் கிளையில் தாய் ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மரம் வரைக்கும் தேடினாள், ஒரு சத்தமும் இல்லை. காக்காய் கொண்டு போயிருந்தால் அதுவாவது மதிலில் இருக்க வேண்டும். அந்தச் சனியனையும் காணோம். பறந்ததா, பறிபோனதா? யாரைக் கேட்பது? இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்காமல் இருந்ததற்குக் கிடைத்த கூலி, தெரியாமலே போனதுதான். துணி துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை.

மத்தியானம் வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் ஹாரனை அடித்துக்கொண்டே வந்து நின்றது. மாஸ்டர் ஓடி வந்தார். அவர் ஓடி அவள் பார்த்ததில்லை.

"பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம். மாப்பிள்ளை பண்ணியிருக்கார். வகுப்பு நேரத்துல நான் ஃபோனை அமத்தி வச்சிருவேன்ல, இப்பத்தான் பாத்தேன்."

எப்போது வலி வந்தது என்று கேட்டாள். விடியற்காலையிலேயே வந்துவிட்டதாம். வலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போய், பெற்று, குளிப்பாட்டி, எல்லாம் முடிந்து கடைசியில் செய்தி. கூப்பிடவில்லை. கூப்பிடவே இல்லை. பேத்தி பிறந்த சந்தோஷம் ஒரு பக்கம் பொங்க, இந்த வலி இன்னொரு பக்கம் அறுத்தது. எப்போதோ கட்டித் தயாராக வைத்திருந்த பையைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினாள். வழியெல்லாம் பையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தடவை மட்டும், அவ்வளவுக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேன் பாருங்கள் என்றாள். மாஸ்டர் ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு இருந்தது. சிஸ்டர் அதில் உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் போய்ப் பாருங்கள் என்று மாஸ்டரை மட்டும் அனுப்பினாள். திறந்திருந்த கதவு வழியாகக் குழந்தையின் அழுகை வந்தது. கேட்ட மாத்திரத்தில் அவளுக்குப் புரிந்தது. பசி அழுகை. வாய் சரியாகப் பிடிக்கவில்லை, நுனியை மட்டும் சப்பிவிட்டு நழுவ விடுகிறது, தாய் குழந்தையைத் தாழப் பிடித்திருக்கிறாள். முழங்கையை ஒரு விரற்கடை உயர்த்தினால் போதும். கைகள் இரண்டும் பரபரத்தன. அவற்றைத் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்தாள்.

மாஸ்டர் வெளியே வந்து, போயேன் என்றார். கூப்பிடவில்லையே என்றாள். இந்தத் தடவை பிரேக்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, கெஞ்சினார். பிறகு மருமகன் வந்தார், கண்ணெல்லாம் சிவந்து, தூக்கமில்லாமல்.

"உள்ள வாங்க அத்தை."

"அவ கூப்பிடட்டும் மாப்பிள்ளை. கூப்பிடற வரைக்கும் வராதன்னு சொல்லியிருக்கா."

உள்ளே அழுகைக்கு நடுவில் மகளின் குரல் கேட்டது. தொண்டை கட்டிப்போயிருந்தது.

"இன்னும் எப்படிம்மா கூப்பிடறது? விடியறதுக்கு முன்னாடியிலேர்ந்து கூப்பிட்டேன். ஒவ்வொரு வலிக்கும் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளதுன்னு ஒருத்தி சொல்லிட்டே இருந்தா. அவ குரலக் கேட்டுக்கிட்டேதான் பெத்தேன்."

சிஸ்டர் எழுந்தாள். எழுந்ததுதான் தெரியும், எப்படி வாசற்படிக்கு வந்தாள் என்று தெரியாது. காக்காய், எலுமிச்சை, பீரோ என்று அவளிடம் ஒரு பெரிய நியாயம் இருந்தது. வாயைத் திறந்தாள். அந்த நியாயத்தில் ஒரு வார்த்தைகூட அந்த அறைக்குள் சொல்லத் தக்கதாக இல்லை. ஆயிரம் பிரசவம் பார்த்த கை கதவை விடாமல் பிடித்துக்கொண்டது. மகள் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தாள், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. குழந்தை வீறிட்டது.

"அங்கயே நிக்காத" என்றாள் மகள், திரும்பாமலே. "புள்ள கத்துது. வந்து பாரு."